லுவார் கரையில் 3 நாள்: திராட்சை மேட்டில் முதன்முறை நடக்கப் போகிறவர்களுக்கு

முதல் தடவை அந்தப் பக்கம் போனபோது என் காலை வாரியது மேடும் அல்ல, வெயிலும் அல்ல. திங்கட்கிழமை. ஊருக்குள் நுழைந்தால் பேக்கரி பூட்டு, உணவகம் பூட்டு, ஒயின் நிலவறையின் கதவில் "போன் செய்துவிட்டு வரவும்" என்று ஒரு துண்டுச் சீட்டு. பையில் இருந்தது 2 ஆரஞ்சும் வீட்டிலிருந்து எடுத்துப்போன முறுக்குப் பொட்டலமும்தான். அதை வைத்தே அன்றைய நடையை முடித்தேன். அதற்குப் பிறகு பல தடவை போயாகிவிட்டது. ஊரிலிருந்து பாரீஸுக்கு வரும் சொந்தக்காரர்களையும் கூட்டிப்போயிருக்கிறேன். இந்த வழியில் காலுக்குப் பெரிய சோதனை கிடையாது. அந்த ஊர்க் கடிகாரத்துக்குத்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

எந்த இடம்

லுவார், பிரான்ஸின் மிக நீளமான ஆறு. 1,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கோட்டைகளைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் தூர் நகரைச் சுற்றியே நின்றுவிடுகிறார்கள். நான் சொல்லும் இடம் அதற்கு மேற்கே. வியேன் ஆறு வந்து லுவாரில் கலக்கும் காந்த்-சேன்-மர்த்தேன் என்ற கிராமத்தில் தொடங்கி, சோமூர் என்ற சிறுநகரில் முடியும் தென்கரை. நடுவில் மோன்சோரோ, தூர்க்கான், பர்னே, சூசே, தாம்பியேர் என்று வரிசையாகக் கிராமங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அரைமணி, முக்கால்மணி நடைதான்.

கீழே ஆறு. ஆற்றை ஒட்டித் தெரு. தெருவின் முதுகில் வெள்ளைப் பாறை. பாறையின் தலையில் திராட்சைத் தோட்டம். இந்த அடுக்குதான் வழி முழுக்க. அந்தப் பாறைக்கு 'தூஃபோ' என்று பெயர். நகத்தால் கீறினால் மாவு உதிரும் சுண்ணாம்புக்கல். இங்குள்ள கோட்டைகளும் கோயில்களும் வீடுகளும் அதை அறுத்துக் கட்டியவைதான். ஆற்றில் படகேற்றி வெளியூருக்கும் அனுப்பினார்கள். கல்லை எடுத்த இடத்தில் மிஞ்சிய குகைகளை வீணாக்கவில்லை. சிலர் அதிலேயே குடியேறினார்கள், சிலர் ஒயின் வைத்தார்கள், சிலர் காளான் வளர்த்தார்கள். உள்ளே கோடையானாலும் குளிரானாலும் 12 டிகிரி அளவில் நிற்கும். ஆகஸ்ட் வெயிலில் நடந்து வந்து அந்த வாசலில் நின்றாலே போதும், உடம்பு நன்றி சொல்லும்.

புதிதாக நடப்பவர்களுக்கு இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆற்றிலிருந்து மேட்டுக்கு ஏற்றம் என்றால் 50, 60 மீட்டர்தான். காந்த்திலிருந்து சோமூர் நோக்கி நடந்தால் ஆறு எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம். தொலைந்தே போனாலும் வலப்பக்கம் இறங்கினால் ஏதோ ஒரு கிராமத் தெருவில் வந்து நிற்பீர்கள்.

எப்போது போவது

மே, ஜூன், அல்லது செப்டம்பர் முதல் அக்டோபர் பாதி வரை. ஜூலை, ஆகஸ்டில் மேட்டில் நிழல் கிடையாது. திராட்சைக்கொடி இடுப்பு உயரம், அதன் நிழல் அதற்கே பற்றாது. செப்டம்பர் இரண்டாம் பாதியில் பெரும்பாலும் அறுவடை நடக்கும். பார்க்க அழகு. ஆனால் ஒயின்காரர்களுக்கு உங்களோடு நின்று பேச நேரம் இருக்காது. தங்க இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும். நிதானமாக ஒயின் சுவைத்துப் பார்க்க வேண்டுமா, ஜூனில் போங்கள். அறுவடையைப் பார்க்க வேண்டுமா, செப்டம்பர்.

கிழமையும் முக்கியம். நான் சிபாரிசு செய்வது வெள்ளி மாலை போய்ச் சேர்ந்து, சனி, ஞாயிறு நடப்பது. சனிக்கிழமை காலை சோமூரில் சேன் பியேர் கோயிலைச் சுற்றிச் சந்தை கூடும். இரண்டு நாளுக்கும் வேண்டிய பழம், பாலாடைக்கட்டி, ரொட்டி எல்லாம் அங்கேயே வாங்கிவிடலாம். ஞாயிறு மதியத்தோடு கடைகள் மூடிவிடும். திங்கட்கிழமை கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

போய்ச் சேர்வது

பாரீஸ் மோம்பர்னாஸ் நிலையத்தில் தேஜேவே என்னும் அதிவேக ரயிலில் ஏறினால் சேன்-பியேர்-தெ-கோர் நிலையத்துக்கு ஒரு மணி நேரம். தூர் நகரின் புறநிலையம் அது. பெரும்பாலான விரைவு ரயில்கள் அங்கேதான் நிற்கும். அங்கிருந்து வட்டார ரயிலில் சோமூருக்கு முக்கால்மணி அளவு. ஆன்ஷே நகருக்குப் போய்த் திரும்பி வருவதும் ஒரு வழி. சில நாள் அது மலிவாக அமையும். தேஜேவே கட்டணம் விமான டிக்கெட் போல ஏறிக்கொண்டே இருக்கும், முன்கூட்டி வாங்குங்கள். வட்டார ரயிலுக்கு அந்த அவசரம் இல்லை.

சோமூர் ரயில் நிலையம் இருப்பது வடகரையில். ஊர் தென்கரையில். நடுவில் ஆற்றுத்தீவு ஒன்று, இரண்டு பாலங்கள். மூட்டையோடு 20, 25 நிமிடம் நடக்க வேண்டும். டாக்ஸி எடுக்காதீர்கள். பாலத்தில் நடந்து வரும்போதுதான் கோட்டை எதிரே எழுந்து நிற்பதைப் பார்க்க முடியும். 15ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஓவியச் சுவடி ஒன்றில் செப்டம்பர் மாதப் பக்கத்துக்கு வரைந்திருப்பது இந்தக் கோட்டையைத்தான்: மேலே வெள்ளைக் கோபுரங்கள், கீழே குனிந்து திராட்சை பறிக்கும் ஆட்கள்.

இந்தியாவிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு ஒரே வரி: ஷெங்கன் விசாவுக்கு எப்படியும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், அது நடைப்பயணத்தில் நேரும் விபத்தையும் ஏற்குமா என்று பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறிகளைப் படிப்பது

வரைபடத்தைவிட முக்கியமான பாடம் இது. பிரான்ஸில் நெடுந்தூர நடைபாதைகளுக்கு ஜி.ஆர். என்று பெயர், விரித்தால் 'கிராந்த் ராந்தொன்னே', நெடுநடை. நாம் நடக்கப் போவது ஜி.ஆர். 3. நாட்டின் முதல் ஜி.ஆர். பாதையே இதுதான், 1947-இல் இதே லுவார் கரையில், ஓர்லேயான் நகரை ஒட்டி, முதல் குறிகளைப் பூசினார்கள். இன்று லுவார் பிறக்கும் மலையிலிருந்து அட்லாண்டிக் கடற்கரை வரை போகிறது.

குறி என்பது கையகலத்தில் இரண்டு பட்டை. மேலே வெள்ளை, கீழே சிவப்பு. சுவர் மூலை, மின்கம்பம், மரம், எல்லைக்கல் என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கும். பட்டைகளுக்குக் கீழே வளைந்த அம்பு இருந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். வெள்ளையும் சிவப்பும் குறுக்கே வெட்டிப் பெருக்கல் குறி போல இருந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஒற்றை மஞ்சள் பட்டை என்றால் உள்ளூர்ச் சுற்றுப்பாதை. சில இடங்களில் மஞ்சளும் வெள்ளை-சிவப்பும் ஒரே கம்பத்தில் இருக்கும். கொஞ்ச தூரம் சேர்ந்து போய், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் பிரியும். அங்கேதான் ஆட்கள் தவறுகிறார்கள். பேச்சு சுவாரசியத்தில் நானும் ஒரு முறை மஞ்சளைப் பிடித்துக்கொண்டு போய், அரைமணி கழித்துப் புறப்பட்ட பேருந்து நிறுத்தத்துக்கே வந்து சேர்ந்தேன்.

திராட்சைத் தோட்டத்தில் குறி பூச மரம் இருக்காது. வரிசையின் கடைசிக் கம்பத்திலோ தரையோடு கிடக்கும் கல்லிலோ பூசியிருப்பார்கள். புல் வளர்ந்தால் மறைந்துவிடும். நான் வைத்திருக்கும் கணக்கு இது: 10 நிமிடம் குறியே கண்ணில் படவில்லை என்றால் மேற்கொண்டு நடக்காதே, கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பு.

காகித வரைபடம் வேண்டுமென்றால் பிரான்ஸின் அரசு வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் நீல அட்டை வரைபடம் வாங்குங்கள். 1 சென்டிமீட்டர் 250 மீட்டருக்குச் சமம். போனிலும் ஐ.ஜி.என். செயலி உண்டு. வீட்டிலேயே அந்தப் பகுதியைத் திறந்து படம் பிடித்து வைத்துக்கொண்டால், குகைத் தெருவில் சிக்னல் போனாலும் கவலை இல்லை.

பையில் என்ன

அடிப்பகுதி பிடிமானமுள்ள சாதாரண நடைக் காலணி போதும், மலையேறும் பூட்ஸ் வேண்டாம். மழை பெய்தால் மட்டும் அந்த வெள்ளை மண் காலில் தோசைமாவு போல ஒட்டும். தொப்பி, மழைச்சட்டை, ஒன்றரை லிட்டர் தண்ணீர். தண்ணீர் தீர்ந்தால் கிராமக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிக்கு ஊற்றவென்று அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். பிரெஞ்சு நடையர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. 'நோன் பொதாப்ல்' என்று பலகை இருந்தால் குடிக்கக்கூடாது. முதல் தடவை கல்லறைக்குள் புட்டியோடு போக எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது பழகிவிட்டது.

கொஞ்சம் சில்லறைக் காசும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்

சோமூரில் இறங்கி, தங்குமிடத்தில் பையைப் போட்டுவிட்டுக் கோட்டை மேட்டுக்கு ஏறிப் பாருங்கள். மறுநாள் நடக்கப் போகும் கரை முழுக்க அங்கிருந்து தெரியும். நேரமிருந்தால் ஊரின் மேற்கே சேன்-இலேர்-சேன்-ஃப்லோரான் பக்கம் போகலாம். நுரைக்கும் ஒயின் செய்யும் பழைய நிறுவனங்கள் அங்கே பாறைக்குள் வரிசையாக இருக்கின்றன. 1811-இல் அக்கர்மான் தொடங்கிவைத்த தொழில். அதே பகுதியில் உள்ள பூவே-லதுபே நிறுவனம் 2006-இல் விஜய் மல்லையாவின் குழுமத்துக்குக் கைமாறி, 2015-இல் மறுபடி பழைய குடும்பத்திடமே போய்ச் சேர்ந்தது. ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு நான் சொன்ன வரலாற்றில் அவர் இன்றும் நினைவு வைத்திருப்பது இது ஒன்றைத்தான்.

இரண்டாம் நாள்: காந்த், மோன்சோரோ, ஃபோந்தெவ்ரோ

சோமூரிலிருந்து மோன்சோரோ, ஃபோந்தெவ்ரோ பக்கம் பேருந்து உண்டு. அடிக்கடி வராது, நேரத்தை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். கையில் பிடிக்க வேண்டிய விதி ஒன்று: போகும்போது வண்டி, திரும்பும்போது கால். கடைசிப் பேருந்தைத் துரத்திக்கொண்டு நடக்கும் நடை நடையே அல்ல.

மோன்சோரோவில் இறங்கி முதலில் கிழக்கே ஒரு கிலோமீட்டர் நடந்து காந்த் போய்விடுங்கள். இரண்டும் ஒட்டிப் பிறந்த கிராமங்கள், ஆனால் நடுவில் மாவட்ட எல்லையும் மாகாண எல்லையும் ஓடுகின்றன. மோன்சோரோ பேருந்து அட்டவணையில் காந்த் நிறுத்தத்தைத் தேடிக் கிடைக்கவில்லை என்று திகைக்க வேண்டாம், நிர்வாகமே வேறு.

காந்த்தில் பெரிய கோயில் ஒன்று, புனித மார்த்தேன் பெயரில். அவர் 397-இல் இந்த ஊரில்தான் இறந்தார். உடல் யாருக்கு என்று பிரச்சினை வந்தது. காவலிருந்தவர்கள் தூங்கியதும், தூர் நகரத்துத் துறவிகள் உடலைச் சன்னல் வழியே இறக்கிப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்களாம். படகு போன வழியெல்லாம் நவம்பர் மாதத்தில் கரையில் பூப் பூத்தது என்பது கதை. நவம்பர் 11-ஐ ஒட்டி வரும் இளவெயிலை இன்றும் 'மார்த்தேன் கோடை' என்றுதான் பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிறார்கள்.

கோயிலை ஒட்டிய சந்து வழியே மேலே ஏறினால் கூடுதுறை தெரியும் இடம் வரும். மூச்சு வாங்கும் ஏற்றம்தான், ஆனால் சின்னது. வியேன் ஆறும் லுவாரும் சேரும் இடம், நடுவில் மணல் திட்டுகள், தூரத்தில் பாலம். அந்த மணல் திட்டுகளைப் பார்த்து இறங்கிக் குளிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுப்பு பலமானது; மணலும் காலை வாங்கும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் பாதி வரை திட்டுகளில் ஆலாக் குருவிகள் மணலிலேயே முட்டை இடும். கால் வைத்தால் முட்டை எது கூழாங்கல் எது என்று தெரியாது.

அங்கிருந்து ஃபோந்தெவ்ரோ மடத்துக்கு நடந்து போய், மோன்சோரோவுக்கு இறங்கலாம். எல்லாம் சேர்த்து 12 கிலோமீட்டர் போல வரும். போகும் வழியில் காட்டோரம் 'தெரேன் மிலித்தேர்' என்று பலகை கண்டால் அது ராணுவ நிலம். குறுக்கு வழி என்று நுழையாதீர்கள். மடம் 1101-இல் தோன்றியது. துறவிகளும் துறவினிகளும் ஒரே வளாகத்தில். ஆனால் எல்லோருக்கும் தலைமை ஒரு பெண். பிரெஞ்சுப் புரட்சி வரை இப்படியே நடந்தது. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி, அவர் மனைவி எலனோர், மகன் ரிச்சர்டு மூவரின் கற்சிலைகளும் படுத்த கோலத்தில் இங்கே இருக்கின்றன. எலனோர் கையில் விரித்த புத்தகம். 800 வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். நெப்போலியன் காலத்தில் இதைச் சிறையாக்கி, 1963 வரை சிறையாகவே வைத்திருந்தார்கள். உள்ளே சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மோன்சோரோ கோட்டை 15ஆம் நூற்றாண்டில் ஆற்றை ஒட்டியே கட்டியது. இப்போது நவீனக் கலைக்கூடம். மாதத்தின் 2ஆம் ஞாயிறு ஆற்றங்கரையில் பழம்பொருள் சந்தை கூடும். அன்றைக்குத் தங்க இடம் கிடைப்பது சிரமம். இரவு மோன்சோரோவிலேயே தங்கிவிடுவது நல்லது. வீட்டில் அறை கொடுக்கும் 'ஷாம்ப்ர் தோத்' வகை இடங்களில் காலை உணவும் சேர்த்தே விலை. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வீட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள்.

மூன்றாம் நாள்: மேட்டு வழியே சோமூருக்கு

இதுதான் விருந்து. ஆற்றோரத் தார்ச்சாலை வழியே சோமூர் 11 கிலோமீட்டர்தான், ஆனால் அதில் நடக்காதீர்கள். கார்கள் உரசிக்கொண்டு போகும், பல இடத்தில் நடைமேடை கிடையாது. ஜி.ஆர். 3 மேட்டில் ஏறி, கிராமத்துக்கு இறங்கி, மறுபடி ஏறிப் போகும். 15 கிலோமீட்டர் அளவுக்கு நீளும். காலை 9 மணிக்குக் கிளம்பினால், நின்று நின்று போனாலும் மாலை 4-க்குள் சோமூர்.

மோன்சோரோவை விட்டு மேலே ஏறியதும் திராட்சை தொடங்கிவிடும். தூர்க்கான் எல்லையில் எர்ப்பினியேர் காற்றாலை. இதன் மாவறைக்கும் அறை தரைக்கு அடியில், பாறைக்குள் இருக்கிறது. இன்னும் சற்று நடந்தால் வரிசைகளுக்கு நடுவே தரையிலிருந்து ஒரு புகைபோக்கி தலைநீட்டும். பக்கத்தில் வீடே இருக்காது. வீடு உங்கள் காலுக்குக் கீழே இருக்கிறது. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, சத்தமாகப் பேசாதே, கீழே யாரோ தூங்குவார்கள் என்றார். விளிம்புக்கு மட்டும் போகாதீர்கள். பல இடங்களில் வேலி கிடையாது, புல் மறைத்திருக்கும்.

தூர்க்கானில் இறங்கினால் பாறைக் குடைவுகளில் கைவினைஞர்களின் பட்டறைகள். இந்த ஊரின் விசேஷம் 'போம் தாப்பே', தட்டிய ஆப்பிள். ஆப்பிளைத் தோல் சீவி, விறகு அடுப்பில் நாள்கணக்கில் மெதுவாக உலர்த்தி, கடைசியில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிச் சப்பையாக்குவார்கள். நம் வற்றல் போல வருடக்கணக்கில் இருக்கும். 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பிலோக்சேரா பூச்சி வந்து திராட்சை வேரைத் தின்று அழித்தபோது பல குடும்பங்களைக் காப்பாற்றிய தொழில் இது. மசாலா போட்ட சிவப்பு ஒயினில் ஊறவைத்துத் தருவார்கள். ஒயின் வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பர்னேயில் நான் தவறாமல் நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஆந்துவான் கிரிஸ்தால் என்று ஒருவர். 1931 வரை வாழ்ந்தவர். ஒயினில் பைத்தியம். குளிர்ந்த இந்த ஊரில் திராட்சையை நன்றாகப் பழுக்கவைக்க, தோட்டத்துக்குள் கிழக்கு மேற்காக வரிசையாகக் கற்சுவர் எழுப்பினார். கொடியை நட்டது சுவருக்கு வடக்கே, நிழலில். சுவரில் ஓட்டை. கொடி அதற்குள் புகுந்து தெற்கே வெளிவந்து, வெயில் பட்ட சுவரில் படரும். வேர் குளிர்ச்சியில், காய் சூட்டில். குனிந்து அந்த ஓட்டைக்குள் பாருங்கள்: கிழவனின் மணிக்கட்டு போல முறுக்கிய தண்டு கல்லை நிறைத்துக்கொண்டு கிடக்கும். நடை முழுக்க நான் பார்த்ததில் மனுஷ வைராக்கியம் என்றால் இதுதான். தோட்டம் தனியாருடையது, பார்வை நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

சூசேயில் தெருவே பாறைக்குள் போகிறது. பழைய கடைவாசல், சன்னல் எல்லாம் பாறையில் வெட்டியவை. சைக்கிள்காரர்களின் 'லுவார் சைக்கிள் பாதை'யும் இதே வழி. வளைவில் மணிச்சத்தம் கேட்டால் சுவரோரம் ஒதுங்குங்கள். தாம்பியேரில் நிற்க அதிகம் இல்லை. இங்கிலாந்து அரசியாக இருந்து எல்லாம் இழந்த ஆன்ஷூ நாட்டு மார்கரெட் 1482-இல் இங்கேதான் இறந்தார். அதைத் தாண்டினால் நோத்ர் தாம் தேஸார்திலியே கோயிலின் குவிமாடம் தெரியும், சோமூர் வந்துவிட்டது.

ஒயின் வாசலில்

மேட்டில் இருக்கும் திராட்சையில் பெரும்பகுதி கபெர்னே ஃபிரான். அதிலிருந்து வருவது சோமூர்-ஷம்ப்பிஞி என்ற சிவப்பு ஒயின். உள்ளூர்க்காரர்கள் அந்தத் திராட்சையை 'பிரெத்தோன்' என்றும் சொல்வார்கள். வெள்ளைக்கு ஷெனேன். நிபுணத்துவம் ஒன்றும் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். கேள்வி, விலை, கழிப்பறை எல்லாம் அதற்குப் பிறகு. 'போன்ஜூர்' சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது, வீட்டுக்கு வந்தவர் வாசற்படியில் நின்றே காசு கேட்பது போல.

'தெகுஸ்தாசியோன்' என்ற பலகை இருந்தால் சுவைத்துப் பார்க்கலாம் என்று அர்த்தம். ஆனால் 12 முதல் 2 மணி வரை எல்லோரும் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு பல இடங்களில் முன்பதிவு இருந்தால்தான் திறப்பார்கள். முந்தின நாள் ஒரு போன் போட்டுக் கேட்பது மரியாதை. கொஞ்சம்தான் ஊற்றுவார்கள், முழுக்கக் குடிக்க வேண்டும் என்றில்லை, துப்ப ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள், கூச்சமே வேண்டாம். நடுப்பகல் வெயிலில் மூன்று இடத்தில் குடித்துவிட்டு மேடேறுவது முட்டாள்தனம். ஒரே ஓர் இடம், அதுவும் நடையின் கடைசிப் பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கொடுத்தால் ஒரு புட்டியாவது வாங்குவது வழக்கம். ஒரு புட்டி ஒன்றேகால் கிலோ கனம் என்பதையும் மறக்க வேண்டாம், சுமக்கப் போவது நீங்கள்தான். குடிக்காதவர்கள் தாராளமாக உள்ளே போகலாம். குகையைப் பார்க்கவே போகலாம். சில இடங்களில் திராட்சைச் சாறும் விற்பார்கள்.

சாப்பாடு

அந்தப் பக்கத்து விசேஷம் 'ஃபுவே'. விறகடுப்பில் பூரி போல உப்பி வரும் சின்ன ரொட்டி. சுடச்சுடக் கிழித்து உள்ளே ஏதாவது வைத்துத் தின்ன வேண்டும். சைவர்கள் கவனம்: வழக்கமாக உள்ளே வைக்கும் 'ரியெத்' பன்றி இறைச்சி. வெள்ளை மொச்சை வாங்கினாலும் அதைப் பன்றிக் கொழுப்பில் வேகவைத்திருக்கலாம், கேளுங்கள். 'சான் வியாந்த், சான் புவாஸோன்' என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் காளானும் பாதுகாப்பான தேர்வு. உள்ளங்கை அகலக் காளானுக்குள் பூரணம் வைத்துச் சுடுவார்கள்; 'நத்தை வெண்ணெய்' என்று அட்டையில் இருந்தால் பதற வேண்டாம், அது பூண்டும் பார்ஸ்லியும் கலந்த வெண்ணெய், நத்தை கிடையாது. ரியெத் வைத்ததும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு 1 மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். 2 மணிக்குப் போனால் சமையலறை மூடிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இன்னும் சில

திராட்சையைப் பறித்து வாயில் போடாதீர்கள். அது ஒருவரின் பிழைப்பு. போதாததற்கு மருந்து அடித்திருப்பார்கள். டிராக்டர் மருந்து தெளிப்பதைக் கண்டால் அது போகும்வரை தள்ளி நில்லுங்கள். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைக்காலம். காட்டோரப் பகுதியில் 'ஷாஸ்' என்ற பலகை கண்டால் வேறு வழி பாருங்கள், பளிச்சென்ற நிறத்தில் ஒரு சட்டை இருக்கட்டும். புல்லில் உட்கார்ந்தால் மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆபத்துக்கு 112.

மாலை ரயிலைப் பிடிக்கிறவர்கள் இரவுச் சாப்பாட்டைப் பாலம் தாண்டுவதற்கு முன்பே, ஊருக்குள்ளேயே வாங்கிவிடுங்கள். நிலையத்துப் பக்கம் ஞாயிறு மாலை எதையும் நம்ப முடியாது. பாலத்துக்கு மட்டும் கூடுதலாக 15 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு வருகிறவர்கள் நடுவில் நின்று திரும்பிப் பார்ப்பார்கள், கிளப்ப முடியாது. சித்தப்பா நின்ற நிற்பில் எங்களுக்கு ஒரு ரயில் போனது.